நாற்பத்தொன்றாவது வீடு

பட்டியலில் நாற்பது வீடுகள்தான் இருக்க வேண்டும். நாற்பத்தொன்று இருந்தன.

ரோனா கெட்டிஸ் அதைத் தேடிக்கொண்டு போகவில்லை. எஸ்டேட் ஆபீசின் ஜெராக்ஸ் மெஷினில் தான் புறாமாடத்தைப் பற்றி எழுதிய பக்கங்களைப் பிரதி எடுக்கப் போனாள். யாரோ எடுத்துவிட்டு மறந்துபோன ஒரு தாள் கண்ணாடிமேல் குப்புறக் கிடந்தது. பெயின்டர் டாமுக்கான வேலைப் பட்டியல். கிரெய்க்டாலன் எஸ்டேட்டில் ஏழு வருடத்துக்கு ஒருமுறை கதவு ஜன்னல்களுக்குப் பச்சை அடிப்பார்கள். இது அந்த வருடம். தோட்டக்காரர் வீடு, மேல் பண்ணை, கீழ்ப் பண்ணை, பழைய சலவைக்கூடம் என்று வரிசையாக வந்த பட்டியலின் கடைசி வரி இப்படி இருந்தது: கொத்தனார் இல்லம், கதவு ஒன்று, ஜன்னல் ஆறு.

கொத்தனார் இல்லம் என்று கிரெய்க்டாலனில் ஒரு கட்டடம் கிடையாது. ரோனாவைவிடத் திட்டவட்டமாக இதைச் சொல்லக்கூடியவர் யாரும் இல்லை. இங்கேயே பிறந்தவள், குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போய், பழைய கட்டடங்களைப் பற்றியே படித்துப் பட்டம் வாங்கியவள், ஐந்து மாதமாக இதே எஸ்டேட்டின் கட்டடங்களுக்கு வரலாறு எழுதும் வேலையில் இருப்பவள். பெரிய வீடு, அதன் பழைய கோபுரம், புறாமாடம், பனிக்கட்டிக் கிடங்கு, குதிரை லாயம், குடும்பக் கல்லறை மண்டபம் எல்லாவற்றையும் நாடா பிடித்து அளந்தாயிற்று. அவற்றில் எதற்கும் அந்தப் பெயர் இல்லை. ஆனால் ஒரு கொத்தனார் கட்டிய, ஒரு கதவும் ஆறு ஜன்னலும் உள்ள வீடு ஒன்று அவளுக்குத் தெரியும். ஆற்று வளைவில் இருக்கிறது. அதில் அவளுடைய அம்மாவும் அப்பாவும் குடியிருக்கிறார்கள்.

அந்தப் பள்ளத்தாக்கில் எது யார் வீடு என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. கதவைப் பார்த்தால் போதும். பச்சை என்றால் ஊர் நிலத்தையெல்லாம் தன் பேரில் வைத்திருக்கிற லேர்டுடையது. உள்ளே இருப்பவர் வாடகைக்கு இருக்கிறார், இல்லாவிட்டால் லேர்டிடம் வேலை பார்க்கிறார். வேறு எந்த நிறமானாலும் சொந்த வீடு. எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளைக்கும் இது தெரியும். பாதிரியார் வீடு கறுப்பு. மதுக்கடை சிவப்பு. கெட்டிஸ் வீட்டுக் கதவு நீலம். உரிந்து, வெடித்து, உள்ளே இருக்கிற இன்னும் பழைய நீலம் தெரிகிற நீலம்.

சொந்த வீடுதான், ஆனால் பத்திரம் கிடையாது. 1787-இல் ஒரு லேர்ட், வரவேற்பறை ஜன்னலிலிருந்து பார்த்தால் கண்ணை உறுத்துகிறது என்று பழைய ஊரையே இடித்துத் தள்ளினார். அதே வருடம் அவருக்குப் புறாமாடம் கட்டிக்கொடுத்த ஜேம்ஸ் கெட்டிஸ் என்ற கொத்தனாரிடம், ஆற்று வளைவுப் பாறைமூலையை நீயே வைத்துக்கொள் என்று கைகுலுக்கிச் சொன்னாராம். யாரும் எழுதிக்கொள்ளவில்லை, அல்லது எழுதிய தாள் தொலைந்துவிட்டது. இருநூறு வருடத்துக்கு மேலாக அந்த வீட்டிடம் யாரும் வாடகை கேட்டதில்லை, யாரும் கொடுத்ததில்லை. அது ஒன்றுதான் பத்திரம்.

ரோனா அந்தத் தாளை இன்னொரு பிரதி எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். இது திங்கட்கிழமை. வியாழக்கிழமை நில அளவைக்கு ஆள் வருகிறது. எஸ்டேட் முழுவதையும் புதிய நிலப்பதிவு வரைபடத்தில் ஏற்றப்போவதாக லேர்ட் ஹ்யூகோ ஸ்ட்ராக்கன் போன மாதமே ஆபீசில் கேக் வெட்டிச் சொல்லியிருந்தார். லண்டனில் பணத்தைப் பெருக்கும் வேலையில் இருந்தவர். அப்பா இறந்த பிறகு ஐந்து வருடத்துக்கு முன்னால் வந்து பெரிய வீட்டில் உட்கார்ந்தவர். எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். நாய்களைக்கூட.

தன் மேசைக்குத் திரும்பியவள், லேர்ட் பென்சிலால் திருத்தி அனுப்பியிருந்த பழைய பக்கங்களை மறுபடி எடுத்தாள். "ஊரை இடித்தார்" என்று அவள் எழுதியதை "ஊரை இடம் மாற்றினார்" என்று ஆக்கியிருந்தார். அன்றைக்கு அவள் சிரித்தாள். பெரிய வீட்டுக்காரர்கள் வேறெப்படி எழுதுவார்கள் என்று விட்டுவிட்டாள். ஆற்று வளைவு வீட்டைப் பற்றி அவள் எழுதியிருந்தது ஒரே வாக்கியம்: ஜேம்ஸ் கெட்டிஸ் தனக்காகக் கட்டிக்கொண்ட வீடு. அதில் "தனக்காக" என்பதன்மேல் ஒரு கோடு ஓடியிருந்தது. மெல்லிய கோடு. போன வாரம் அது நடைத் திருத்தமாகத் தெரிந்தது.

சாப்பாட்டு நேரத்தில் அவள் தச்சுப்பட்டறை மாடிக்கு ஏறினாள். பெயின்ட் புத்தகம் அங்கேதான் இருந்தது. ஒவ்வொரு ஏழாவது வருடமும் எஸ்டேட் எந்தெந்த வீட்டுக்குப் பச்சை அடித்தது என்று எழுதிவைத்த தடித்த புத்தகம். 1871-இல் தொடங்குகிறது. இருபத்திரண்டு சுற்றுகள். இரண்டாம் உலகப் போரின் நடுவிலும் பச்சை அடித்திருக்கிறார்கள். தலைமைத் தச்சர்தான் அதை எழுத வேண்டும். கடைசி நான்கு சுற்றும் அவளுடைய அப்பா ஆர்ச்சியின் கையெழுத்தில், ஆணி அடித்ததுபோல நிமிர்ந்த எழுத்தில் இருந்தது. இருபத்திரண்டு சுற்றில் ஒருமுறைகூட ஆற்று வளைவு வீட்டின் பெயர் இல்லை.

இந்த வாரம் எழுதினால் அதுதான் முதல் தடவை.

அவள் புத்தகத்தை மூடினாள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். வயசான மனுஷர் வீட்டுக்கு இனாமாகப் பெயின்ட் அடித்துத் தருகிறோம் என்று வருவார்கள். வியாழக்கிழமை அளவைக்காரர் கேமராவைத் தூக்குவார். கதவு பச்சை. முடிந்தது கதை.

அன்று சாயங்காலம் வீட்டில் அம்மா ஜின்டி உருளைக்கிழங்கு சூப் ஊற்றிக்கொண்டிருந்தாள். மாடியில் வாளிக்குள் சொட்டுச் சொட்டென்று மழை விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கூரைக்குப் பழைய கல் ஓடுதான் போட வேண்டும், வேறு ஓடு போடக்கூடாது என்று சட்டம். பாதுகாக்கப்பட்ட பழைய கட்டடம். அந்தக் கல் வெட்டிய குவாரியை மூடி அறுபது வருடம் ஆகிறது. அதனால் மூன்று குளிர்காலமாக வாளி.

ரோனா பட்டியலை மேசையில் வைத்தாள். அம்மா கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு அப்பாவின் பக்கம் நகர்த்தினாள். ஆர்ச்சி அதைப் பார்க்கவில்லை. சூப்பில் உப்பு குறைவு என்றார். பிறகு, டாம் ஏதாவது தப்பாக எழுதியிருப்பான், அவனுக்கு வயது ஆகிறது என்றார். இது டாமின் எழுத்து இல்லை, டைப் அடித்தது என்று ரோனா காட்டினாள். நாளைக்கே லேர்டிடம் போய்க் கேட்கப்போவதாகச் சொன்னாள்.

"கேக்க வேணாம்," என்றார் அப்பா.

"ஏன்?"

"அந்த மனுஷன் உனக்கு வேலை குடுத்திருக்கார் புள்ள. எதையெடுத்தாலும் மோப்பம் பிடிச்சுக்கிட்டுத் திரியாத."

அவள் அதோடு நிறுத்திக்கொண்டாள். ஆனால் ஒன்றைக் கவனித்துவிட்டாள். அப்பா சவரம் செய்திருந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்று மூன்று வருடமாக ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு மட்டும் சவரம் செய்கிற மனுஷன், திங்கட்கிழமை கன்னம் பளபளவென்று உட்கார்ந்து சூப்பில் உப்பு இல்லை என்கிறார். அவரை அப்படிப் பார்க்க அவளுக்கே பிடிக்கவில்லை. பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

மறுநாள் காலையில் டாமைக் கீழ்ப் பண்ணையில் பிடித்தாள். ஏணிமேல் நின்று ஜன்னல் சட்டத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தான். அறுபத்தெட்டு வயது. வாயில் சிகரெட், காதில் இன்னொன்று. உங்கள் பட்டியலில் எங்கள் வீட்டை யார் சேர்த்தது என்று நேராகவே கேட்டாள்.

டாம் கீழே இறங்கவில்லை. "என்கிட்ட எதுக்குக் கேக்கற? உங்கப்பன்கிட்ட கேளு."

"அவருக்குத் தெரியாதாம்."

"தெரியாதா?" டாம் இரண்டு தடவை சுரண்டினான். "முந்தாநாள் கோயில்ல வச்சு என்கிட்ட ஜன்னல் கணக்கு சொன்னதே ஆர்ச்சிதான். ரெண்டு கோட்டிங் அடி, நீலம் எங்கயும் எட்டிப் பாக்கக் கூடாதுன்னான். நான் சிரிச்சேன். அவன் சிரிக்கல."

பிறகு, தானாகவே, தன் ஏணி கொஞ்சம் ஆடுவதாகவும் ஆற்று வளைவுக்கு வெள்ளிக்கிழமைக்கு முன்னால் வர முடியும் என்று தோன்றவில்லை என்றும் சொன்னான். சொல்லிவிட்டு, அவளைப் பார்க்காமல் சுரண்டப் போய்விட்டான்.

ரோனா ஆபீசுக்குப் போகவில்லை. ஆற்றோரமாக வீட்டுக்கு நடந்தாள். லேர்டைப் பற்றி அவள் நேற்றிலிருந்து அடுக்கிவைத்திருந்த வசவுகளை இப்போது யார்மேல் போடுவது என்று தெரியவில்லை. பெயின்ட் புத்தகத்தை முப்பது வருடம் எழுதிய கை. அந்தப் பச்சைக்கு என்ன அர்த்தம் என்று இந்த நாட்டிலேயே அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் கிடையாது.

அப்பா பின்கட்டுக் கொட்டகையில் ஒரு நாற்காலிக்காலைச் சீவிக்கொண்டிருந்தார். டாம் சொன்னதை அவள் அப்படியே சொன்னாள். அவர் உளியைக் கீழே வைத்தார். மறுக்கவில்லை. அலமாரியில் வார்னிஷ் டப்பாவுக்குப் பின்னாலிருந்து ஒரு நீள உறையை எடுத்து நீட்டினார்.

"நல்லதாப் போச்சு. எப்படியும் உன்கிட்டதான் வரணும்னு இருந்தேன். சாட்சிக் கையெழுத்து ஒண்ணு வேணும்."

ஒரே ஒரு தாள். ஆற்று வளைவில் உள்ள கொத்தனார் இல்லம் எக்காலத்திலும் கிரெய்க்டாலன் எஸ்டேட்டின் உடைமையாகவே இருந்துவந்தது என்பதை ஆர்ச்சிபால்ட் கெட்டிஸ் ஆகிய நான் ஒப்புக்கொள்கிறேன். எஸ்டேட் தன் செலவில் கூரை முழுவதையும் கல் ஓட்டால் வேய்ந்து தரும். மேற்படி ஆர்ச்சிபால்ட் கெட்டிஸ் தன் ஆயுள் உள்ளவரை வாடகையின்றிக் குடியிருக்கலாம். கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு, சாட்சிக்கு ஒரு கோடு. இரண்டும் காலி.

அவள் இரண்டு முறை படித்தாள்.

"எப்பப்பா இது?"

"ஈஸ்டருக்கு அப்புறம் பேசினது, தாள நேத்துதான் போய் வாங்கிட்டு வந்தேன். நான்தான் போய்க் கேட்டேன். அவரா வரல." அதை அவர் பெருமைபோலச் சொன்னார். "கூரை இன்னும் ஒரு குளிர் தாங்காது. சட்டம் பேசறவன் ஓடு குடுப்பானா? எஸ்டேட்கிட்டதான் பழைய ஓடு இருக்கு. நீ எடின்பரோவுல, கிளாஸ்கோவுல எங்கயாவது வேலைக்குப் போயிடுவ. இந்த ஈரத்துல வந்து நீ குடியிருக்கப் போறியா? யாருக்கு வேணும் புள்ள இந்தச் சொந்தம்?"

"அவங்க விலைக்குக் கேட்டாங்களா?"

"இல்ல."

"கேக்க மாட்டாங்க. விலைக்கு வாங்கினா விலை சொல்லணும். கட்டினவளோட சம்மதமும் வேணும், அம்மா கையெழுத்துப் போடணும். எப்பவுமே அவங்களோடதுதான்னு நீயே எழுதிக் குடுத்துட்டா ரெண்டும் வேணாம். இருநூறு வருஷம் நாம ஓசியில இருந்த மாதிரி ஆயிடும். இதெல்லாம் படிச்சியா நீ?"

"எனக்குப் படிக்கத் தெரியும்."

"அப்ப அம்மா பேரு எங்க இதுல?"

ஆர்ச்சி உளியைத் திரும்ப எடுத்து, அதன் முனையைக் கட்டைவிரலால் தடவினார். அதை லேர்டிடம் கேட்டதாகச் சொன்னார். அது சொல்லணுமா, ஜின்டி எங்க போகப்போறாங்க, அவங்கள யார் வெளிய அனுப்பப்போறாங்க என்று லேர்ட் சிரித்துக்கொண்டே கையை நீட்டினாராம். இவர் குலுக்கிவிட்டு வந்தாராம். பழைய லேர்ட் முப்பது வருடத்தில் ஒரு தாள் எழுதியதில்லை, கையைக் கொடுத்தால் அதுதான் எழுத்து. அதே கைதானே இதுவும் என்றார். போன வருடம் இதயத்தில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வந்த மனுஷன் அப்பா. மாடிப்படி ஏறினால் நடுவில் நின்று மூச்சு வாங்குகிறவர். அம்மா அவரைவிட ஒன்பது வயது இளையவள்.

ரோனாவுக்குக் கோபத்தில் கண் கலங்கியது. அது அவளுக்கு இன்னும் கோபத்தை உண்டாக்கியது. கைகுலுக்கிக் கொடுத்த நிலத்தைத்தான் இன்றைக்குக் கைகுலுக்கியே பிடுங்குகிறார்கள். அதை இந்த மனுஷனுக்கு எப்படிப் புரியவைப்பது? புரியவில்லையா, புரிந்துதான் செய்தாரா? அந்த இரண்டாவது கேள்விதான் அவளைக் குத்தியது. தாளை மொபைலில் படம் பிடித்துக்கொண்டு, கையெழுத்துப் போடாமல் உறையைத் திருப்பிக் கொடுத்தாள். நாளைக்கு வரைக்கும் பொறு என்றாள். அவர் சரி என்று சொல்லவில்லை.

புதன்கிழமை காலை பெரிய வீட்டு நூலகத்தில் ஹ்யூகோ ஸ்ட்ராக்கன் அவளை நாற்காலியில் உட்காரவைத்து டீ வரவழைத்தார். சுவரெங்கும் அவருடைய முன்னோர் எண்ணெய் ஓவியத்தில் நின்றார்கள். ஊரை இடித்தவர் கணப்பு அடுப்புக்கு மேலே, கையில் துப்பாக்கியும் காலடியில் செத்த மானுமாக இருந்தார். கல்லறை மண்டபத்தைப் பற்றி அவள் எழுதியது அருமை என்று லேர்ட் பாராட்டினார். அவர் பாராட்டி முடிக்கும்வரை அவள் காத்திருந்துவிட்டு, படம் பிடித்ததை அச்செடுத்துக் கொண்டுவந்திருந்த தாளை மேசையில் வைத்தாள். பக்கத்தில் பேனாவையும் வைத்தாள்.

லேர்ட் ஆச்சரியப்பட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஆர்ச்சி உங்களிடம் காட்டியது நல்லதுதான் என்றார். குடும்பத்துக்கு உதவ வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்ததாகச் சொன்னார். ரோனா, தானும் அதையேதான் நினைப்பதாகச் சொன்னாள்.

"ஒரே ஒரு வரி சேருங்க. ஜின்டி கெட்டிஸோட ஆயுள் உள்ளவரையும்னு. நீங்க எழுதிட்டீங்கன்னா நானே சாட்சிக் கையெழுத்துப் போடறேன்."

அவள் உண்மையாகவே போட்டிருப்பாள். அதுதான் அவள் இரவெல்லாம் யோசித்துக் கண்ட சோதனை. நல்ல மனதோடு செய்கிறவருக்கு அந்த வரி ஒரு நிமிட வேலை. எழுதிவிட்டால் அவளுடைய சந்தேகம் கேவலமானது. மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போய்விடலாம்.

லேர்ட் பேனாவைப் பார்த்தார். எடுக்கவில்லை.

"இதெல்லாம் நமக்குள்ள பேசிக்கிற விஷயம் ரோனா. எழுத்துல மாத்தினா மறுபடி வக்கீல்கிட்ட போகணும். நாளைக்கு அளவை இருக்கு."

"கூரைய எழுத்துல போட்டிருக்கீங்க."

"அது செலவு. செலவ எழுதித்தானே ஆகணும்."

"எங்கம்மா செலவு இல்லையா?"

அவர் சிரித்தார். நல்ல சிரிப்பு, பல் வரிசை சுத்தம். பிறகு பேச்சை மெல்ல வேறு பக்கம் திருப்பினார். இந்த வரலாற்று வேலை அடுத்த மாதம் முடிந்தாலும், எஸ்டேட்டின் பழைய கட்டடங்களைப் பராமரிக்க நிரந்தரமாக ஒருவர் வேண்டும் என்று தனக்கு ஒரு எண்ணம் இருக்கிறது. படித்த, இந்த ஊரிலேயே வளர்ந்த ஒரு ஆள். அப்படி ஒருவர் இருந்தால், பிற்காலத்தில் கொத்தனார் இல்லத்திலேயே தங்கிக்கொள்ளலாம். எஸ்டேட் ஊழியராக.

"எங்க வீட்டுலயே என்னை வேலைக்காரியா வச்சுக்கறேங்கறீங்க."

லேர்ட் தன் டீயைக் கலக்கினார். நிதானமாக யோசியுங்கள், அவசரம் இல்லை என்றார். நாளைக்கு அளவை இருக்கிறது என்று ஐந்து நிமிடத்துக்கு முன்னால் சொன்னவர். ரோனா தாளை மடித்துக்கொண்டு எழுந்தாள். பேனாவையும் மறக்காமல் எடுத்துக்கொண்டாள். டீயை அவள் தொடவே இல்லை.

அன்று வீட்டில் மூன்று பேரும் மேசையில் இருக்கும்போது அவள் நடந்ததைச் சொன்னாள். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அம்மாவுக்கு அந்தத் தாளைப் பற்றி அதுவரை ஒன்றுமே தெரியாது என்பது அவள் முகத்தில் தெரிந்தது. ஜின்டி நாற்பது வருடம் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சமையல் பார்த்தவள். கோபம் வந்தால் சத்தம் குறையும். ஓட்ஸ் ரொட்டியை வெட்டிக்கொண்டிருந்த கத்தியை நிறுத்தாமலே கேட்டாள்.

"ஆர்ச்சி. எம்பேரு அதுல இல்லன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

மாடியில் வாளியில் சொட்டு விழுந்தது.

"தெரியும்," என்றார். "அவர் சொன்னாரு, அதனால…"

"யாரு சொன்னது எனக்கு வேணாம். தெரிஞ்சுதான் கையெழுத்துப் போடப் பாத்தியா?"

"கூரை, ஜின்டி. உன் தலைமேல ஒழுகாத கூரை ஒண்ணு போட்டுட்டுப் போகணும்னு பாத்தேன்."

"ஆமா. நல்லா ஒழுகாத கூரையா போட்டு, அதுக்குக் கீழ இருந்து என்னைத் தூக்கி ரோட்டுல வைக்கப் பாத்த."

அவள் ரொட்டியை அவர் தட்டிலேயே முதலில் வைத்தாள். பிறகு எழுந்து மாடிக்கு வாளியைக் கொட்டப் போனாள். ஆர்ச்சி தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். கொட்டகைக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அவர் கையெழுத்துப் போட்டுவிடுவாரோ என்று ரோனா நினைத்தாள். சாட்சிக்கு ஆளா பஞ்சம்? மதுக்கடையில் போய் நீட்டினால் பத்துப் பேர் போடுவார்கள். அவள் ஜன்னலிலிருந்து கொட்டகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொந்த அப்பாவைக் காவல் காக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது. ஆனாலும் ஜன்னலை விட்டு நகரவில்லை.

வியாழக்கிழமை பத்து மணிக்கு எஸ்டேட் ஜீப் ஆற்று வளைவில் வந்து நின்றது. அளவைக்கு வந்தவள் ரோனாவைவிடக் கொஞ்சம் மூத்த பெண். முழங்கால்வரை சேறு, கையில் டேப்லெட். ஓட்டிக்கொண்டு வந்தது ஹ்யூகோவே. ஜீப்பில் இரண்டு நாய்களும் இருந்தன. ஆர்ச்சி கோட்டும் டையும் போட்டு வாசலில் நின்றார். கோட்டின் உள்பையிலிருந்து அந்த நீள உறையின் நுனி நீட்டிக்கொண்டிருந்தது. அதற்குள்ளே இப்போது கையெழுத்து இருக்கிறதா இல்லையா என்று ரோனாவுக்குத் தெரியாது. காலையில் கேட்டதற்கு, என் டை எங்கே என்று கேட்டார்.

அளவைக்காரி திரையைப் பார்த்தாள், பிறகு வீட்டைப் பார்த்தாள்.

"கொத்தனார் இல்லம், எஸ்டேட்டுன்னு போட்டிருக்கு. ஆனா கதவு நீலமா இருக்கே?"

பெயின்டர் நாளைக்கு வருகிறான், தாமதமாகிவிட்டது என்று லேர்ட் சொன்னார். அந்தப் பெண் பக்கத்துப் பள்ளத்தாக்கில் வளர்ந்தவளாக இருக்க வேண்டும். திரையில் விரலை வைக்காமல் நின்றாள். இந்த வீடு யாருடையது என்று பொதுவாக, எல்லோரையும் பார்த்துக் கேட்டாள்.

"எங்களோடது," என்றாள் ஜின்டி, வாசலுக்குள்ளிருந்து. "எழுதிக்கோம்மா."

லேர்ட் அம்மாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. அப்பாவைத்தான் பார்த்தார். சிரித்த முகமாகவே இருந்தார்.

"ஆர்ச்சி, நாம பேசியிருக்கோமே."

ரோனா அப்பாவின் கையைப் பார்த்தாள். அது கோட்டுக்குள் போனது. உறையை வெளியே எடுத்தது. ஓடிப்போய்ப் பிடுங்கலாமா என்றுகூட ஒரு நொடி நினைத்தாள். ஆர்ச்சி இரண்டடி நடந்து உறையை லேர்டின் கையில் வைத்தார். லேர்ட் அதைத் திறந்து தாளை விரித்தார். அவர் முகத்திலிருந்து சிரிப்பு வடிவதைப் பார்த்த பிறகுதான் ரோனா மூச்சு விட்டாள். இரண்டு கோடும் காலியாகத்தான் இருந்தன.

"பேசினோம் லேர்ட்," என்றார் ஆர்ச்சி. "வீட்டுக்காரி ஒத்துக்கல. அவ சொன்னதுதான்."

அந்தப் பெண், பத்திரம் ஏதாவது இருக்கிறதா என்று இரண்டு தரப்பையும் கேட்டாள். கெட்டிஸ்களிடம் பத்திரம் இல்லை. எஸ்டேட்டிடம் இந்த வீட்டுக்கென்று வாடகைச் சீட்டோ, மராமத்துச் சீட்டோ, எதுவும் உண்டா என்று அவள் கேட்டதற்கு, தேடிப் பார்க்க வேண்டும் என்றார் லேர்ட். தேட வேண்டாம், 1871 முதல் உள்ள புத்தகத்தில் தான் தேடிவிட்டதாகவும் ஒன்றும் இல்லையென்றும் ரோனா சொன்னாள். அந்த ஆராய்ச்சிக்குத்தானே ஐந்து மாதமாக அவளை வைத்திருந்தார்கள்.

அப்படியானால் இதைத் தகராறு என்றுதான் போட வேண்டும் என்றாள் அளவைக்காரி. யாருக்கும் சொந்தம் என்று எழுத மாட்டாளாம். வீட்டைச் சுற்றிப் புள்ளிக்கோடு போட்டு விட்டுவிடுவாளாம், மற்றதை வக்கீல்களும் நீதிமன்றமும் பார்த்துக்கொள்ள வேண்டும், வருடக்கணக்கில் ஆகலாம்.

லேர்ட் தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். கூரையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஜீப்பில் ஏறும்போது மட்டும் ரோனாவிடம், இனி நீங்கள் சிரமப்பட்டு ஆபீஸ் வரை வர வேண்டாம், மீதிப் பக்கங்களைத் தபாலில் அனுப்பினால் போதும் என்று மரியாதையாகவே சொன்னார். எதையும் அனுப்பப்போவதில்லை என்று அவளும் மரியாதையாகவே சொன்னாள்.

ஆர்ச்சி மகளைப் பார்க்காமல், டையைத் தளர்த்திக்கொண்டே உள்ளே போனார். ஜின்டி அவருக்கு வழிவிட்டு நின்றாள். ஆனால் பின்னால் போகவில்லை.

அளவைக்காரி ஜீப்பிலிருந்து அளவைக் கருவியை எடுத்து நட்டு, வீட்டைச் சுற்றி நடந்து, திரையில் கோட்டை இழுத்தாள். முடிந்தது என்று டேப்லெட்டை மூடப்போனாள்.

"காட்டுங்க," என்றாள் ரோனா.

வழக்கமாகக் காட்டுவதில்லை என்றாள் அந்தப் பெண். ரோனா கையை நீட்டியபடியே நின்றாள். கடைசியில் திரை அவள் பக்கம் திரும்பியது. அவள் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். வீட்டின் நான்கு மூலையும் கோட்டுக்குள் இருந்தன. கோடு பின்சுவரை ஒட்டியே ஓடியது.

"பின்கட்டுக் கொட்டகைய வெளிய விட்டுட்டீங்க. கிணத்தையும்."

"அது வீட்டோட சேர்ந்ததா?"

"அதுவும் ஜேம்ஸ் கெட்டிஸ் கட்டினதுதான். வாங்க, கல்ல காட்டறேன். ஒரே உளி வெட்டினது."

அந்தப் பெண் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், ஜீப்பைப் பார்த்தாள், பிறகு சேற்றில் ரோனாவின் பின்னால் நடந்தாள். கொட்டகைச் சுவரைப் பார்த்தாள். கிணற்று விளிம்பைப் பார்த்தாள். கோட்டை விரலால் பிடித்து, கொட்டகையைத் தாண்டி, கிணற்றைத் தாண்டி, ஆற்றங்கரைப் பாறைவரை இழுத்தாள்.

"போதுமா?"

"சேவ் பண்ணுங்க," என்றாள் ரோனா. "என் கண்ணு முன்னாடி பண்ணுங்க."